நான் எழுதிய பிறந்த தேதி



மகள் கனடா போய்ச் சேர்ந்தாளா என்று பலரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஏன் இவ்வளவு தாமதம் என்றவர்களிடம் "பேப்பர் வேலை" என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் தாமதத்துக்குக் காரணம் நான்தான்.

மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் போய் ஸ்கார்பரோவில் வளர்ந்தவர். கனடா குடிமகன். மனைவிக்கு அவர் ஸ்பான்சர் செய்ய வேண்டும். அவள் அங்கே நிரந்தரவாசி ஆன நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு அவள் செலவுக்குத் தானே பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நம் பக்கம் திருமணப் பதிவுச் சான்றிதழ், பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் போலீஸ் சான்றிதழ், அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம் மருத்துவப் பரிசோதனை, கைரேகை. தமிழில் இருக்கும் தாளுக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு. கல்யாணம் உண்மையானது என்று காட்ட போட்டோக்களும் வாட்ஸ்அப் பேச்சுகளும்கூடக் கொடுத்தோம்.

எல்லாம் அனுப்பிச் சில மாதங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது. பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி 12 மே 1994. இணைத்திருந்த பிறப்புச் சான்றிதழில் 12 செப்டம்பர் 1994. ஏன் இந்த வித்தியாசம், விளக்கம் தருக.

மகள் என்னைத்தான் பார்த்தாள்.

1999 ஜூனில் அவளை என் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். ஐந்து வயது நிறையவில்லை. வீட்டில் விட்டுவர ஆள் இல்லை. சேர்க்கைப் பதிவேடு என் மேசையில்தான் இருந்தது. செப்டம்பரை மே ஆக்கினேன். அது பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் போனது. 2016 டிசம்பரில் விதி தளர்ந்து, பாஸ்போர்ட்டுக்குப் பள்ளிச் சான்றிதழே போதும் என்றானதும், அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்கும் போனது.

பிரமாணப் பத்திரம் எழுத ஒரு வக்கீலிடம் போனேன். என்னிடம் படித்தவர். "தந்தையும் ஆசிரியருமான நான், தவறு என்று தெரிந்தே இந்தத் தேதியை எழுதினேன்" என்று சொல்லச் சொல்ல டைப் செய்தவர், கொஞ்சம் நிறுத்தினார். "சார், எனக்கும் ஜூன் 1 நீங்க போட்டதுதானே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 37 ஆண்டு சர்வீஸில் போட்ட கையெழுத்துகளில் அன்று போட்டதுதான் கனமானது.

உங்களில் பலருக்கும் அப்படித்தான். தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்வேன். தொட்டால் வயது சரி. "சார், நீங்களே பார்த்து ஒரு தேதி போடுங்க" என்பார் உங்கள் அப்பா. பிள்ளை பள்ளிக்கு வந்தால் போதும் என்று போட்டேன். அந்தத் தேதி உங்களோடு கடல் தாண்டி வரும் என்று அன்று நினைக்கவில்லை. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவு, ஆதார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதி, பெயரின் ஆங்கில எழுத்து, இனிஷியல் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவதற்கு முன்பே திருத்திவிடுங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விடாதீர்கள். என் மகள் விட்டாள். கனடா விண்ணப்பத்தில் அவள் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, சொந்தப் பெயர் கட்டத்தைக் காலியாக விட வேண்டி வந்தது.

விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தாள்களில் அவளுக்கு இனி மே மாதம்தான் பிறந்தநாள். "பரவாயில்லை மாமா, நாலு மாசம் முந்தியே பென்சன் வரும்" என்று மாப்பிள்ளை ஆறுதல் சொல்கிறார்.

செப்டம்பர் 12 அன்று அவளுக்குப் போன் செய்வேன். அந்தத் தேதி இனி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்