பத்து ராகம், ஒரு டிஸ்கோ பீட்: சரண்ஜித் சிங்கின் கதை

நாஞ்சில் நாட்டில் ஏதோ ஒரு ஊரில் அம்மன் கோயில் கொடை. வில்லுப்பாட்டு முடிந்து, சாமியாட்டம் முடிந்து, ஊர் கொஞ்சம் அசந்த நேரத்தில் மெல்லிசைக் கச்சேரி ஆரம்பிக்கும். எஸ்.பி.பி. குரலில் பாடுகிறவருக்குக் கைதட்டல், ஜானகி குரலில் பாடுகிறவருக்கு விசில். பின்னால் ஓரமாக கீபோர்டுக்காரர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். வலது கையில் வயலின், இடது கையில் பேஸ், நடுநடுவே ஒரு பட்டன் தட்டினால் டிரம்ஸ். பாதி ஆர்க்கெஸ்ட்ரா அவர் ஒருவர்தான். ஆனால் அவர் பெயர் என்ன? அறிவிப்பாளர் கடைசியில் அவசரமாகச் சொல்லுவார். அதற்குள் கூட்டம் சுக்குக்காப்பிக் கடைப் பக்கம் போயிருக்கும்.

அப்படிப்பட்ட ஒருவரின் கதைதான் இது. ஊர் மட்டும் பம்பாய். பெயர் சரண்ஜித் சிங்.

1960-களிலிருந்து 80-கள் வரை இந்திப் பட ரெக்கார்டிங் ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்தவர். பேஸ் கிடார், பிறகு சிந்தசைசர். சங்கர்-ஜெய்கிஷன், ஆர்.டி.பர்மன் என்று பெரிய பெயர்களுக்கெல்லாம் வாசித்திருக்கிறார். சினிமாப் பாட்டுகளை வாத்தியத்தில் மட்டும் வாசித்து ரெக்கார்டு போட்டிருக்கிறார். சொந்தமாக ஒரு குழு வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளிலும் வாசித்தார். கேட்டதை வாசித்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் உழைப்பாளிக் கலைஞர், அவ்வளவுதான்.

1980-ல் 'குர்பானி' படம் வந்தது. அதில் பிரிட்டனில் குடியேறிய பெங்களூர்க்காரர் பிட்டு இசையமைத்து, நாசியா ஹசன் பாடிய டிஸ்கோ பாட்டு நாடு முழுக்கத் தீயாகப் பரவியது. 82-ல் 'டிஸ்கோ டான்ஸர்' வந்ததும் கேட்கவே வேண்டாம். தெருவுக்குத் தெரு டிஸ்கோ. எல்லா இசையமைப்பாளருக்கும் டிஸ்கோ வேண்டும், எல்லா வாத்தியக்காரரும் டிஸ்கோ வாசிக்க வேண்டும். சரண்ஜித் சிங்கும் வாசித்தார். வாசித்துக்கொண்டே ஒரு விஷயம் யோசித்தார். இந்த பீட்டை வைத்து சினிமாப் பாட்டு இல்லாமல் வேறு ஏதாவது செய்தால் என்ன?

அவரிடம் சிங்கப்பூரில் வாங்கிய மூன்று ஜப்பான் கருவிகள் இருந்தன. மூன்றுமே ரோலண்ட் கம்பெனி தயாரிப்பு. ஒன்று ஜூப்பிட்டர்-8 என்ற சிந்தசைசர். இரண்டாவது டி.ஆர்-808, தாளம் போடும் மெஷின். மூன்றாவது டி.பி-303 என்ற சின்ன வெள்ளி நிறப் பெட்டி. தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்க்காரருக்குத் துணையாக பேஸ் வாசிக்கட்டும் என்று செய்த பெட்டி அது. 1981-ன் கடைசியில் சந்தைக்கு வந்தது, அமெரிக்காவில் விலை 395 டாலர்.

உண்மையில் அந்தப் பெட்டி பேஸ் கிடார் மாதிரி ஒலிக்கவே இல்லை! ரப்பர் பந்தைத் தண்ணீருக்குள் அமுக்கியது மாதிரி ஒரு சத்தம். போதாததற்கு அதில் ஸ்வரங்களை ஏற்றுவது பெரிய தலைவலி. ஸ்வரத்தைத் தனியாகவும் கால அளவைத் தனியாகவும், ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். கிடார்க்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கினார்கள். சுமார் பத்தாயிரம் பெட்டிகளோடு 1984-ல் உற்பத்தி நின்றது. பி.காம். பாடத்தில் தோல்வியடைந்த பொருளுக்கு உதாரணம் கேட்டால் தாராளமாக எழுதலாம்.

சரண்ஜித் சிங் ஒதுங்கவில்லை. மூன்று கருவிகளையும் ஒன்றோடொன்று இணைத்து, ஒரே காலப்பிரமாணத்தில் ஓட வைத்தார். 808 தாளம் போடும், 303 கீழே திரும்பத் திரும்பச் சுற்றும், மேலே ஜூப்பிட்டரில் அவர் கை ராகம் வாசிக்கும். தபலாவுக்கு விடுமுறை. எச்.எம்.வி. ஸ்டுடியோவில் இரண்டே நாளில் பத்து ராகங்களும் பதிவாயின. 1982-ல் பதிவான அந்த ரெக்கார்டின் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'.

மெஷினில் ராகமா என்று முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை சுசீந்திரம் கோயிலுக்குப் போய் இசைத்தூண்களைப் பார்க்கலாம். கல்லைத் தட்டினால் ஸ்வரம் வரலாம் என்று சிற்பிகள் நம்பியிருக்கிறார்கள். மின்சாரத்தில் வரக்கூடாதா என்ன?

இன்னொரு காரணமும் உண்டு. மேற்கத்திய இசையில் கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். ராகத்தில் அது கிடையாது. ஆதார சட்ஜம் ஒன்று, அதைச் சுற்றித்தான் எல்லாப் பயணமும். 303-ம் அதே ஜாதிதான். ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வரும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதியும் அதில் உண்டு. கமகத்துக்கு அது ஈடாகாது, ஆனாலும் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். கிடார்க்காரனுக்கு உதவாத பெட்டி ராகக்காரனோடு ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

சரி, ரெக்கார்டு என்ன ஆனது?

விற்கவில்லை.

ஏன் என்று யோசித்தால் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. டிஸ்கோ கேட்பவர்களுக்குப் பாட்டு வேண்டும், குரல் வேண்டும், திரையில் மிதுன் ஆட வேண்டும். ராகம் கேட்பவர்களுக்கு டிஸ்கோ என்ற பெயரே ஆகாது. குரலே இல்லாத மெஷின் இசைக்கு விடிய விடிய ஆடுகிற கூட்டம் என்ற ஒன்று அன்றைக்கு இந்தியாவில் இல்லை. சரக்கு இருந்தது, சந்தை இல்லை. அவர் பழையபடி கல்யாணத்துக்கு வாசிக்கப் போனார்.

இனி கடல் தாண்டிப் போக வேண்டும். ரோலண்ட் கைவிட்ட 303 பெட்டிகள் அமெரிக்காவில் செகண்ட் ஹேண்ட் கடைகளில் சல்லிசாகக் கிடைத்தன. சிகாகோவில் காசில்லாத மூன்று பையன்கள் அதில் ஒன்றை வாங்கி, குமிழ்களை இஷ்டத்துக்குத் திருகினார்கள். ஃபியூச்சர் என்ற பெயரில் அவர்கள் போட்ட 'ஆசிட் ட்ராக்ஸ்' 1987-ல் வெளியானது. அந்த ரப்பர் பந்துச் சத்தத்துக்கு 'ஆசிட்' என்ற பெயர் நிலைத்தது. 1988-ல் பிரிட்டனே அதற்கு ஆடியது. மஞ்சள் ஸ்மைலி பனியன், காலிக் கிடங்குகளில் ராத்திரிப் பார்ட்டி, பத்திரிகைகளில் கூப்பாடு, போலீஸ் துரத்தல் என்று ஒரே அமர்க்களம். பின்னால் 1994-ல், திரும்பத் திரும்ப அடிக்கும் பீட் என்று சட்டத்திலேயே எழுதி, இந்தத் திறந்தவெளிக் கூட்டங்களைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் கொடுத்தார்கள்.

அந்த அலையில் ஒரு பகுதி கோவா கடற்கரையில் ஒதுங்கியது. ஹிப்பிகள் காலத்திலிருந்தே வெள்ளைக்காரர்கள் வந்து போகும் இடம். அங்கே உருவானதுதான் கோவா டிரான்ஸ். பென் வாட்கின்ஸ் 1990-ல் தொடங்கிய ஜூனோ ரியாக்டர், சைமன் போஸ்ஃபோர்டின் ஹாலுசினோஜென், பிறகு போஸ்ஃபோர்டும் புல்லாங்குழல்காரர் ராஜா ராமும் சேர்ந்து செய்த ஷ்பாங்கிள் என்று பிரிட்டனிலிருந்து ஒரு படையே கிளம்பியது. (ராஜா ராம் இந்தியர் இல்லை, ஆஸ்திரேலியாவில் பிறந்த ரொனால்ட் ரோத்ஃபீல்ட்!) 2003-ல் வந்த 'மேட்ரிக்ஸ் ரெவல்யூஷன்ஸ்' படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது உபநிஷத மந்திரம் ஒலிக்குமே, அந்த 'நவரஸ்' ஜூனோ ரியாக்டரின் பங்குள்ள உருப்படிதான்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பிரிட்டன்காரர்கள் மெஷின் இசையை வைத்துக்கொண்டு அதற்கு மேல் இந்தியாவைத் தூவினார்கள். கொஞ்சம் சிதார், கொஞ்சம் தபலா, கொஞ்சம் மந்திரம். சரண்ஜித் சிங் செய்தது நேர் எதிர். தபலாவையும் சிதாரையும் தள்ளிவைத்துவிட்டு ராகத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அவருக்கு இந்தியா அலங்காரப் பொருள் இல்லை, எலும்புக்கூடு. கோவாவில் பார்ட்டி நடந்த காலத்தில், ஓர் இரவு பஸ் பயணத் தூரத்தில், பம்பாயில் அவர் பாட்டுக்குக் கல்யாணங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

2002-ல் நெதர்லாந்துக்காரர் எடோ பௌமன் டெல்லியில் பழைய இந்திப் பட ரெக்கார்டுகளைத் தேடும்போது இது கையில் சிக்கியது. போட்டுக் கேட்டவருக்குத் தலை சுற்றியது. சிகாகோ சத்தம், ஆனால் வருடம் 1982! பம்பாயில் சரண்ஜித் சிங்கைத் தேடிக் கண்டுபிடித்தார். 2010-ல் 'பாம்பே கனெக்‌ஷன்' என்ற தன் லேபிளில் மறுபடி வெளியிட்டார். பலர் நம்பவே இல்லை. பிரிட்டனின் ஏஃபெக்ஸ் ட்வின் மாதிரி யாரோ குறும்புக்காரர் கள்ளப் பெயரில் செய்த வேலை என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். பிறகு நம்பினார்கள், 'ஆசிட் ஹவுஸின் தந்தை' என்று தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். எழுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் ஐரோப்பிய மேடைகளில் ஏறி, பேரப்பிள்ளை வயதுக் கூட்டத்துக்கு அதே ராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

அவர் தந்தைதானா? இல்லை. சிகாகோப் பையன்கள் அவர் ரெக்கார்டைக் கேட்டதற்கு எந்தத் தடயமும் இல்லை. பிரிட்டனும் கேட்கவில்லை, கோவாவும் கேட்கவில்லை. பிள்ளைகளே இல்லாதவரைத் தந்தை என்று கூப்பிடுவது மரியாதை மாதிரி தெரியும், ஆனால் உண்மை இல்லை. அந்தப் பட்டம் அவரை இன்னொருவர் கதையில் முதல் பக்கமாக ஒட்டவைக்கிறது. சிகாகோ என்ற ஒன்று நடக்காமலே போயிருந்தால் இந்த ரெக்கார்டுக்கு மதிப்பே கிடையாதா?

உண்டு. பெட்டி செய்த கம்பெனிக்கே தன் பெட்டியின் குணம் தெரியாத வருடத்தில், ஒரு கல்யாணக் கச்சேரிக்காரர் அதைக் கண்டுகொண்டார். யாரும் கேட்டு அவர் இதைச் செய்யவில்லை, காசுக்காகவும் இல்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் மெட்டை வாசித்தவர், இரண்டு நாள் தனக்காக வாசித்தார். அந்த இரண்டு நாளுக்கு சிகாகோவின் சான்றிதழ் தேவையில்லை.

இன்றைக்கு ஒரு பழைய 303 பெட்டிக்குச் சேகரிப்பவர்கள் லட்சக்கணக்கில் ரூபாய் கொடுக்கிறார்கள். தோற்ற பொருளின் கணக்கு இப்படி நேரானது. தோற்ற கலைஞனின் கணக்கு நேராக, எடோ பௌமன் மாதிரி ஒருவர் கடை கடையாக ஏற வேண்டியிருக்கிறது. அப்படி யாரும் ஏறி வராத ரெக்கார்டுகளும் கேசட்டுகளும் இன்னும் எத்தனையோ?

கேட்க நினைப்பவர்கள் வரிசையாகக் கேட்க வேண்டும் என்றில்லை. பூபாலியில் தொடங்குங்கள். அது மோகனம்தான், இளையராஜா பாட்டுகளில் வளர்ந்த காதுக்குப் பழகின வீடு. அடுத்து மால்கௌன்ஸ், அதாவது ஹிந்தோளம். பிறகு கலாவதி, இங்கே வலஜி என்பார்கள். முதல் ஒரு நிமிடம் இது என்னடா என்று சிரிப்பு வரும். மூன்றாவது நிமிடத்தில் கால் தாளம் போடும்.

அடுத்த கொடையில் அறிவிப்பாளர் கடைசியாக ஒரு பெயர் சொல்லும்போது, சுக்குக்காப்பியைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.