கடல் பக்கத்து சீட்டு

டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் மெல்பர்னுக்கு வருகிறார்கள். ஆறு வாரம். இங்கே யார் வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வந்தாலும் ஒருநாள் கிரேட் ஓஷன் ரோட்டுக்குக் கூட்டிப் போவது எழுதப்படாத சட்டம். விடிந்ததும் கிளம்பி, பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து, இரவு வீடு திரும்பிவிட வேண்டும். சுற்றுலா பஸ்களும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. போனில் இதைச் சொன்னபோது அப்பா கேட்டது ஒரே கேள்வி: “ஓட்டறது யாரு கண்ணு?”

அப்பா 22 வருஷம் பொள்ளாச்சி–வால்பாறை பஸ் ஓட்டியவர். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணை மொத்தமும் கீழே விரியும். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்ப்பார்கள். அப்பா பார்த்ததில்லை. “நான் பாத்தா பஸ்ஸூ அங்கயே போயிரும்” என்பார். பன்னிரண்டு மணி நேரம் அவருக்கு டூர் அல்ல, டியூட்டி.

அதற்குப் பிறகு திட்டத்தைப் பார்க்க வேண்டிய இடங்களிலிருந்து தொடங்காமல் டிரைவரிடமிருந்து தொடங்கினேன். அப்படிப் பார்த்தால் கணக்கே வேறு. டார்கியிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை சாலையின் நீளம் 243 கிலோமீட்டர்தான். ஆனால் லார்ன் தாண்டியதும் ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் கடல், நடுவே நெளிகிற இரண்டே தடங்கள். மேப் காட்டும் நேரம் எங்கும் நிற்காமல் போகிறவர்களுக்கானது. அம்மாவுக்கோ பொள்ளாச்சி தாண்டினாலே வாந்தி வரும், கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் மலை ஏற மாட்டார். அதனால் முக்கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தம் என்று வைத்தேன். பின்னால் வருகிறவர்கள் அவசரப்பட்டால் ஒதுங்கி வழிவிட அங்கங்கே தனி இடம் இருக்கிறது. இதைச் சொன்னதும் அப்பாவுக்குச் சாலை மேல் மரியாதை வந்துவிட்டது. மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைச் சட்டத்தில் வளர்ந்தவர் அவர்.

அடுத்தது திசை. ஆஸ்திரேலியாவிலும் நம்மூர் மாதிரி இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம். மெல்பர்னிலிருந்து மேற்கே போனால் கடல் இடது கைப்பக்கம் வரும். எதிரே வருகிற வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் கடலோரமாகவே ஒதுக்கி நிறுத்தலாம். திரும்பி வரும்போது இதே சாலையைப் பிடித்தால் அடுத்த தடத்து வண்டிகளுக்கு மேலாகத்தான் கடல் தெரியும். ஆகவே போவது கடலோரம், வருவது உள்நாட்டு வழி. இந்த ஏற்பாட்டில் காரிலேயே நல்ல இடம் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு. அப்பாவுக்கு அது. அவருக்குப் பின்னால், அதே பக்கத்து ஜன்னலோரம், அம்மா.

இந்தச் சாலையைப் போட்டவர்களைப் பற்றியும் அப்பா கேட்டார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 சிப்பாய்கள். 1919இல் தொடங்கி 1932இல் முடித்தார்கள். கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, குதிரை வண்டி, இவ்வளவுதான் கருவி. போரில் செத்துப்போன தோழர்களுக்கான நினைவுச் சின்னம் இந்தச் சாலையேதான். ஈஸ்டர்ன் வியூவில் சாலைக்கு மேல் நிற்கும் மர வளைவு அதைச் சொல்கிறது. 1924இல் ‘கேசினோ’ என்ற நீராவிக் கப்பல் பாறையில் தட்டி, எடையைக் குறைக்க 500 பீப்பாய் பீரைக் கடலில் தள்ளியதாம். கரை ஒதுங்கியதைக் குடித்து முடிக்க இரண்டு வாரம் வேலை நின்றதாம். அப்பா வெகுநேரம் சிரித்தார். பிறகு, “பாறையப் பாத்துத்தான நின்னு வெட்டிருப்பாங்க. கடலுக்கு முதுகு” என்றார். நான் படித்த பயணக் குறிப்புகள் எதிலும் இந்த வாக்கியம் இல்லை.

டிசம்பரில் வெளிச்சம் இரவு எட்டரை தாண்டியும் இருக்கும். அப்போஸ்தலர் பாறைகளில் சூரியன் மறைவதைப் பார்க்காமல் வராதீர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பார்த்துவிட்டு இருட்டில் மெல்பர்ன் வரை ஓட்ட வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. கங்காருக்கள் ரோட்டில் குறுக்கே பாய்வது அந்தியிலும் இருட்டிலும்தான். அதனால் இரண்டு இரவு. முதல் இரவு அப்போலோ பே. இரண்டாவது, பாறைகளிலிருந்து கால் மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய போர்ட் கேம்ப்பெல்.

தேதியையும் இறுக்கிக் கட்டவில்லை. 2015 கிறிஸ்துமஸ் அன்று இதே சாலையில் வை ரிவர், செபரேஷன் க்ரீக் ஊர்களில் காட்டுத்தீ 116 வீடுகளை எரித்தது. மரம் எரிந்த சரிவுகளில் அடுத்த ஆண்டு மழைக்கு மண் சரிந்து சாலையை மூடினார்கள். கிளம்பும் காலையில் தீ அபாய அறிவிப்பு மோசமாக இருந்தால் பயணம் தள்ளிப்போகும். ஆறு வாரத்தில் இன்னொரு மூன்று நாள் கிடைக்காமலா போகும்?

அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேர் எப்போதுமே இருந்ததில்லை. சுற்றுலாவுக்காக வைத்த பெயர் அது. முன்பு அவற்றைத் தாய்ப் பன்றி, குட்டிகள் என்றுதான் அழைத்தார்கள். ஒன்பது பாறைகள் இருந்தன. 2005 ஜூலையில் 50 மீட்டர் உயரமுள்ள ஒன்று சரிந்து எட்டாயிற்று. பக்கத்தில் லண்டன் பிரிட்ஜ் என்று இரட்டை வளைவுப் பாறை. 1990 ஜனவரியில் கரையோடு அதை இணைத்த வளைவு விழுந்து, அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேரை ஹெலிகாப்டர் வந்து தூக்கியது. சுண்ணாம்புக்கல், அலை அடியைத் தின்றுகொண்டே இருக்கும். ‘அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதை இந்த இடத்துக்குச் சொல்ல முடியாது. அப்பாவின் முழங்காலுக்கும் சொல்ல முடியாது. கடற்கரைக்கு இறங்கும் கிப்சன் படிகளை அதனால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். மேலே மரப்பலகை நடைபாதை போதும்.

எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. மூன்று நாள் சும்மா உட்கார்ந்து வர அப்பாவுக்குத் தெரியாது. ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாகிறது. இன்னும் யார் வண்டியில் ஏறினாலும் வளைவு வந்தால் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். “லைசன்ஸ் இங்கிலீஷ்லதான இருக்குது, செல்லாதா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். சுற்றிப் பார்க்க வருகிறவருக்குச் செல்லும்.

வாடகைக் காருக்கான படிவத்தில் இரண்டாவது டிரைவராக அவர் பெயரைச் சேர்த்திருக்கிறேன். கொஞ்சம் கூடுதல் கட்டணம். மூன்றாம் நாள் கோலாக்கிலிருந்து ஜீலாங் வரை நேர்ச் சாலை. கடல் இல்லை, வளைவு இல்லை. இரண்டு பக்கமும் மாடு மேய்கிற புல்வெளி மட்டும். பொள்ளாச்சிக்காரருக்கு மாட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அங்கே அவர் ஓட்டட்டும்.