கையடக்க வானொலியும் கேட்கும் கலையும்

விஞ்ஞானப் பிரிவு மாணவர் சிலர் அண்மையில் ஒரு சொல் வேண்டி என்னிடம் வந்தனர். ஆங்கிலத்தில் 'ஸ்கானர்' எனப்படும் கையடக்க வானொலி வாங்கிக்குத் தமிழில் யாது பெயர் இடலாம் என்பது அவர்தம் வினா. 'அலைவருடி' எனலாம் என்றேன். வருடுதல் என்பது மெல்லத் தடவிச் செல்லுதல். அக்கருவியும் நாம் குறித்துக் கொடுத்த மீடிறன்களை ஒவ்வொன்றாகத் தடவிச் சென்று, குரல் உள்ள இடத்தில் நின்று, குரல் அடங்கியதும் மேற்செல்வதாகும். சொல்லைக் கொடுத்தவன் அதன் பயனையும் கூறுதல் முறையாதலின், இம்மலரில் அதுபற்றிச் சில எழுதத் துணிந்தேன்.

அலைவருடியை ஒழுங்கு செய்வது அரிதன்று. முதலில் கேட்க விரும்பும் மீடிறன் எல்லையைத் தெரிதல் வேண்டும். விமானங்கள் 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரை பேசுகின்றன. கடற்கலங்கள் அபாய வேளையில் அழைக்கும் 16 ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்ஸ் ஆகும். அடுத்து, இரைச்சல் தடுப்பைச் சரிசெய்தல் வேண்டும். 'இஸ்' என்னும் ஓசை அடங்கும் அளவுக்கு மட்டும் அதனைத் திருப்புக. அதற்கு மேல் ஒரு மயிரிழை திருப்பினும், இரைச்சலோடு மெலிந்த குரலும் மடிந்துவிடும். இத்தகைய கருவியை வைத்திருப்பதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும், பிறர்க்குரிய பேச்சை ஒற்றுக்கேட்டல் அறமுமன்று சட்டமுமன்று என்பதையும் மாணவர் மறத்தலாகாது.

இவ்வலைகள் நேர்கோட்டிற் செல்வன. ஆதலால் கொடிகாமத்தின் சமதரையில் நிற்பவனுக்கு, வானத்தில் உயரப் பறக்கும் விமானியின் குரல் தெளிவாகக் கேட்கும். அவனுக்கு மறுமொழி கூறும் பலாலிக் கோபுரத்தின் குரலோ கேளாமற்போகலாம். ஓர் உரையாடலிற் பாதியே நம் காதில் விழுகின்றது. மீதிப் பாதியை மனம் தானே இட்டு நிரப்ப முந்துகின்றது. கருவியினால் வரும் இடர் யாதும் இதனினும் பெரிதன்று.

இவ்விடரை எம் ஊரார் அலைவருடி வருமுன்னரே நன்கறிவர். 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. வானொலி இருந்தும் அதற்கு உயிரில்லை. அப்போது கைகொடுத்தது துவிச்சக்கர வண்டியின் டைனமோ.

வண்டியை நிறுத்தி மிதியைக் கையாற் சுற்றுவோம். டைனமோ 6 வோல்ற்று அழுத்தமுள்ள ஆடலோட்டத்தைத் தரும். வானொலிக்கோ நேரோட்டம் வேண்டும். பழுதான கருவிகளிலிருந்து கழற்றிய நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் அவ்வேலையைச் செய்தன. நான்கு பற்றரி இடும் பெட்டிகளுக்கு அவ்வழுத்தம் பொருந்திற்று. விரைந்து சுற்றினால் அழுத்தம் ஏறிப் பெட்டி எரிந்துவிடும். தளர்ந்து சுற்றினால் செய்தியாளர் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். வண்டியின் விளக்கையும் உடன் இணைத்துவிட்டால் அழுத்தம் ஓரளவு கட்டுக்குள் நிற்கும் என்பதைப் பையன்கள் பட்டறிவாற் கண்டறிந்தனர்.

சிற்றலையில் நிலையத்தைத் தேடுவதும் ஒரு வித்தையே. வளிமண்டலத்தின் மேலே, நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள மின்னேற்றப் படைகளிற் பட்டு மீள்வது சிற்றலை. இரவில் ஒரு மீடிறன், பகலில் வேறொன்று என அதன் போக்கு மாறும். இரு தென்னைகளுக்கிடையே செப்புக்கம்பி கட்டி, பெருவிரலால் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவோம். நாமே அந்நாளில் அலைவருடிகள். இரவு 9.15 மணிக்கு இலண்டனிலிருந்து தமிழோசை வரும். பிலிப்பைன்சிலிருந்து வேரித்தாஸ் வரும். 1939 இல் தொடங்கிய திருச்சி நிலையம் மத்திய அலையில் கடல் கடந்து வரும். கொழும்பும் வரும்.

எங்கள் பெரியப்பா ஒரு கொப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கோடு கீறி, எந்நிலையம், எத்தனை மணி, என்ன சொன்னது என மூன்று நிலையச் செய்திகளையும் அருகருகே எழுதுவார். குரல் மங்கிச் சொல் விழுந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இடுவார். அச்சொல் இன்னதாயிருக்கலாம் என்று எழுதமாட்டார். காலையில் அயலார் வந்து கேட்பர். அவர் வாசித்துக் காட்டுவார்.

அக்காலத்திற் குடாநாட்டினின்று வெளியேறுவோர் கொடிகாமம் வழியே கிளாலிக்குச் சென்று, இரவிற் படகேறிக் கடனீரேரியைக் கடப்பர். அந்நீரில் உயிர் துறந்தோர் பலர். 1993 ஆம் ஆண்டில் ஒரு நாள், மகனை முதல் நாளிரவு படகேற்றி அனுப்பிய தாயொருத்தி விடியுமுன் எங்கள் முற்றத்துக்கு வந்தாள். படகிற் சென்றோர் எவரும் தப்பவில்லை என ஒரு நிலையம் கூறியிருந்தது. படகுகள் தாக்கப்பட்டன என்பதோடு மற்றொன்று நிறுத்திக்கொண்டது. மூன்றாவது அதுபற்றி வாய்திறக்கவில்லை. கூடியிருந்தோர் சிலர் அழத் தொடங்கினர். சிலர் ஒன்றுமில்லை என்று ஆறுதல் கூறினர். பெரியப்பா இரண்டும் செய்திலர். மூன்று பத்திகளையும் உள்ளபடி வாசித்துவிட்டு, "தங்கச்சி, உன்ரை பெடியன் போன படகெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் கேட்டது இவ்வளவுதான்" என்றார்.

நான்காம் நாள் மகனின் கடிதம் கைமாறி வந்து சேர்ந்தது. அதே கிழமையில் வேறு வீடுகளுக்கு வந்த செய்தி அவ்வாறன்று. அவ்வீட்டார்க்கும் அவர் முன்னர் அதே கொப்பியைத்தான் வாசித்துக் காட்டியிருந்தார். ஒருவர்க்குப் பொய்யான சாவும் மற்றவர்க்குப் பொய்யான நம்பிக்கையும் கொடாத கொப்பி அது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குத் திரண்டு வந்தபோது, பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் வீட்டு விறாந்தைகளும் நிறைந்தன. எங்கள் முற்றத்தில் அவ்வண்டியைச் சுற்றி நின்ற கூட்டம் அன்றுபோல் என்றும் இருந்ததில்லை. பையன்கள் முறைவைத்துச் சுற்றினோம். ஊரில் விட்டுவந்த வீடு உண்டா, முதியவர் உளரா என ஏங்கிய அத்தனை பேரும் ஒரு சொல்லும் பேசாது கேட்டுக்கொண்டு நின்றனர்.

1941 இல் தொடங்கிய தமிழோசைச் சிற்றலை ஒலிபரப்பு 2017 இல் நின்றுவிட்டது. இப்பொழுது செய்தி நம்மைத் தேடி வருகின்றது. கைத்தொலைபேசியில் ஒரு குரற்பதிவு வரும். பேசியவர் யார், எங்கிருந்து, எப்போது என்பன தெரியா. கேட்டு முடிக்குமுன் பத்துப் பேருக்கு அனுப்பியாயிற்று. மிதி சுற்றிக் கை நோகக் கேட்டவனுக்குச் சொல்லின் விலை தெரிந்திருந்தது. நோகாது கேட்பவனுக்கு அதனைக் கற்பித்தே ஆகவேண்டும். கடல் கடந்து வாழும் பழைய மாணவர் தம் மருமக்களுக்கு அலைவருடி வாங்கிக் கொடுப்பதாயின், அனுமதி பெற்றுக் கொடுப்பாராக. அதனோடு ஒரு கொப்பியும் கொடுப்பாராக.

என் வகுப்பில் இதனை ஒரு பயிற்சியாக வைத்துள்ளேன். ஒரே செய்தியை மூன்றிடத்திற் கேட்டு மூன்று பத்திகளில் எழுதிவர வேண்டும். சென்ற தவணையில் ஒரு மாணவி மூன்றாம் பத்தியை வெறுமையாக விட்டு, 'தேடினேன். கேட்கவில்லை' என்று அடியிற் குறித்திருந்தாள். அவ்வகுப்பில் முதற் புள்ளி அவளுக்கே இட்டேன்.