பனியில பந்தா வேண்டாம் பாஸ்!

'மாட்டுத்தாவணி டிராஃபிக்ல வண்டி ஓட்டினவன், உலகத்துல எங்கே வேணும்னாலும் ஓட்டுவான்!'

மதுரையிலிருந்து எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்த புதுசுல நான் விட்ட பில்டப் இது. வந்து இறங்கின ஊர், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ. பக்கத்துல ஈரீ ஏரி. அதன் மேல வீசுற குளிர்காற்று, ஈரத்தை அள்ளிட்டு வந்து ஊர் மேல பனியா கொட்டும்.

முதல் டிசம்பர். நான் வாங்கியிருந்த பழைய கார் மேல காலையில ஒரு அடிக்குப் பனி. பரீட்சைக்கு லேட். கண்ணாடியில எட்டிப் பார்க்கிற அளவுக்கு மட்டும் சுரண்டிட்டு, ரூம்மேட்டையும் ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன். வழியில ஒரு பாலம். ரோடு வெறும் ஈரமாத்தான் தெரிஞ்சது. முன்னால போன கார் ஸ்லோ ஆச்சு. நம்ம ஊர் பழக்கத்துல சடார்னு பிரேக் அடிச்சேன். வண்டி நிக்கலை. பக்கவாட்டுல வழுக்கிட்டுப் போகுது! தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால நின்னப்போ, ரூம்மேட் என் சட்டையை இறுக்கிப் பிடிச்சிருந்தான். ரெண்டு பேருக்கும் பேச்சே வரலை.

அதுக்குப் பேர் 'பிளாக் ஐஸ்'. கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ். அடியில இருக்கிற தார் அப்படியே தெரியுறதால ஏமாந்துடுவோம். பாலத்துக்கு மேலேயும் கீழேயும் காத்து அடிக்கும். அதனால மத்த ரோட்டுக்கு முன்னாடி அதுதான் உறையும்.

நீங்களும் குளிர் தேசத்துக்குப் படிக்கப் போறீங்களா? இதைக் கேட்டுக்குங்க. குளிர் ஆரம்பிக்கும் முன்னாடியே வின்டர் டயர் மாட்டிடுங்க. சாதா டயர் ரப்பர் குளிர்ல விறைச்சு, பிடிப்பு போயிடும். கண்ணாடி, லைட், கூரைன்னு பனியை முழுசாத் தள்ளிட்டுத்தான் கிளம்பணும். சைலன்ஸரைப் பனி அடைச்சிருந்தா, மணமே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வந்து ஆளையே கொன்னுடும். பாதி டேங்க் பெட்ரோல், கம்பளி, டார்ச், சின்ன மண்வெட்டி எப்பவும் வண்டியில இருக்கட்டும். சறுக்கினா ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு, போக வேண்டிய பக்கம் ஸ்டீயரிங்கை மெதுவாத் திருப்புங்க.

எல்லாத்தையும் விட முக்கியம், கிளம்பாம இருக்கத் தெரியணும். 2022 டிசம்பர் பனிப்புயல்ல பஃபலோ பகுதியில 40 பேருக்கு மேல செத்துப்போனாங்க. சிலர் உயிர் போனது, பனியில மாட்டின கார்லயே.

அன்னிக்குப் பரீட்சை ஹாலுக்கு ஓடினா, பாதி கிளாஸ் காலி. வராதவங்க புரொஃபசருக்கு ஒரு மெயில் தட்டியிருக்காங்க. வேற நாள் கிடைச்சிருச்சு. அவ்வளவுதான் மேட்டர்!

இந்தக் கதை அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீங்களும் போட்டுக்கொடுத்துடாதீங்க!