ஒரே அச்சில் வார்த்த இரண்டு படகுகள்

பரங்கிப்பேட்டையை அடுத்து, வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி அன்னங்கோயில் மீன் இறங்குதளம் இருக்கிறது. காலையில் அங்கே சென்றால் கண்ணாடியிழைப் படகுகள் வரிசையாய்க் கிடப்பதைக் காணலாம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகவே தோன்றும். அணியத்தின் வளைவு ஒன்று, விலாவின் சரிவு ஒன்று. வண்ணமும் எழுதிய எண்ணும்தான் வேறு. இந்த ஒற்றுமை தற்செயலானது அன்று. கடலில் நன்றாக ஓடுகிற ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் மெழுகு பூசி, அச்சு எடுத்துவிட்டால் போதும். அதன் பிறகு அந்தப் படகின் தங்கைகளை எந்த ஊர்ப் பட்டறையிலும் வார்த்துக்கொள்ளலாம். தங்கைகள் முகத்தில் அக்காளைப் போலவே இருப்பார்கள். உடம்பைப் பற்றித்தான் உறுதி சொல்ல முடியாது.

இலக்கியம் பேசும் இடத்தில் படகுக் கணக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நாவாய், வங்கம், கலம், திமில், அம்பி, பஃறி, தோணி என்று பெயர்களை மட்டும் வகுப்பில் அடுக்கிவிட்டு, எது எதனால் ஆனது என்ற கேள்வியைத் தாண்டிப் போகும் தமிழாசிரியர் கூட்டத்தில் நாமும் ஒருவர் என்பதால், இது நமக்குத் தேவையான பாடமே. தவிரவும், இந்த ஊருக்குக் கலத்தோடு உள்ள உறவு பழையது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிருந்து மரைக்காயர்களின் கப்பல்கள் மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் போய் வந்தன. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நிலையத்தின் வழியாக 1950இல் அச்சேறிய ‘கப்பல் சாத்திரம்’ என்ற நூல், ஏரா எனப்படும் அடிமரத்தின் அளவை வைத்துக் கப்பலின் நன்மை தீமை சொல்கிறது. அதைச் சோதிடம் என்று சிரிப்பவர்கள் உண்டு. வாங்குகிறவன் கண்ணுக்கு முன்னால் அடிமரத்தை அளந்து காட்ட வேண்டியிருந்த ஒரு காலம் அது என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு சற்றே குறையும். மரத்தில் முடிச்சு இருந்தால் தெரியும். வெடிப்பு இருந்தால் தெரியும். கண்ணாடியிழை எல்லாவற்றையும் மூடிக்கொள்கிறது.

இவ்வளவும் நமக்குத் தெரிய வந்தது 2007இல். பணியில் சேர்ந்த புதிது. கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவரின் தந்தையும் சிற்றப்பாவும் ஆளுக்கொரு படகு வைத்திருந்தார்கள். இரண்டும் சுமார் 28 அடி நீளம். இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே அச்சில் பிறந்தவை. ஒன்று 2004 டிசம்பர் 26க்கு முன் சொந்தப் பணத்தில் சொல்லிச் செய்தது. ஆழிப்பேரலையில் மேல்விளிம்பு நொறுங்கி, பழுது பார்த்து மீண்டும் கடலுக்குப் போனது. மற்றொன்று 2005இல் நிவாரணமாக வந்தது. புதியது பழையதைவிடப் பளபளப்பாக இருந்தது. ஆனால் இரண்டாம் வருடத்திலேயே அதன் எஞ்சின் தாங்கும் பின்பலகை நெகிழ்ந்து, ஒருநாள் கரைக்கு வருகிற வழியில் மூலையில் பிளந்துவிட்டது. நீரை இறைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். அந்தப் படகில் அன்று இருந்தவர் சிற்றப்பா. அவருக்கு அப்போது ஆறு மாதக் குழந்தை.

ஒரே அச்சு எப்படி இரண்டு விதமான பிள்ளைகளைப் பெற்றது? இதைப் புரிந்துகொள்ளப் பட்டறை வேலையைச் சிறிது அறிய வேண்டும். முதலில் அச்சின் உட்புறத்தில் ஜெல்கோட் என்னும் வண்ணப் பூச்சு. நாம் பார்த்து மயங்கும் பளபளப்பு முழுதும் அதுதான். அதற்கு வலிமை கிடையாது. அதன் மேல் கண்ணாடி இழைகளைத் துண்டு துண்டாய்த் தூவி அழுத்திய மேட், பாய்போல முடைந்த ரோவிங் என்று மாறி மாறி விரித்து, ரெசினை ஊற்றி ரோலரால் உருட்டுகிறார்கள். மேட் ஒரு கிலோ என்றால் ரெசின் இரண்டு முதல் இரண்டரை கிலோ வரை குடிக்கும். ரோவிங்குக்கு ஏறக்குறைய சரிக்குச் சரி. ரெசின் கூடினால் படகு விறைப்பாக இருந்து நொறுங்கும். குறைந்தால் இழை உலர்ந்து நின்று அடுக்கு பிரியும். ரோலர் உருட்டும் கை சலித்தால் காற்றுக் குமிழிகள் உள்ளே தங்கும். ரெசினை இறுக வைக்கும் மருந்து நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான்; நம் சித்திரை வெயிலில் அளவு தவறினால் உருட்டி முடிப்பதற்குள்ளே இறுகிவிடும். நன்றாக இறுகுவதற்கு முன் அவசரப்பட்டு அச்சிலிருந்து எடுத்தால் படகு கோணிக்கொள்ளும். பின்பலகைக்குள் இருப்பது ஒட்டுப்பலகை. அதில் துளைக்கும் ஒவ்வொரு திருகு துளையையும் ரெசினால் அடைக்காவிட்டால், வெளியே ஒரு கீறலும் தெரியாமல் உள்ளே ஊறி அழுகும்.

சிற்றப்பாவின் படகுக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று மாணவரின் தந்தை முன்பே ஊகித்திருந்தார். கரையில் நின்ற நம்மிடம் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, “நீங்களே தட்டிப் பாருங்க சார்” என்றார். அவருடைய படகு இறுக்கமாக, கணீர் என்று ஒலித்தது. தம்பியின் படகு சில இடங்களில் அப்படி, சில இடங்களில் பழுத்த பூசணியைத் தட்டியதுபோல. செவியால் ஓசையைப் பிரித்தறிவது யாப்பு நடத்துகிறவனுக்குப் புதிதல்ல. நமக்கே அந்த வேறுபாடு கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். மாணவர் விடவில்லை. படகில் நீர் வடிகால் துளைக்காக வெட்டி எடுத்த வட்டத் துண்டு தந்தையிடம் இருந்தது. சிற்றப்பாவின் படகில் பிளந்த மூலையிலிருந்து ஒரு துண்டு கிடைத்தது. வேதியியல் துறை நண்பரை வேண்டிக்கொண்டு, இரண்டையும் எடை போட்டு உலையில் வைத்து எரித்தோம். ரெசின் எரிந்து போகும், கண்ணாடி எஞ்சும். முதல் துண்டு வெண்மையான துணி அடுக்குகளாக மிஞ்சியது. சுவடி ஏடுகளைப் பிரிப்பதுபோல் இடுக்கியால் ஒவ்வொன்றாய்ப் பிரித்தோம்: மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட். இரண்டாவதில் மூன்றே அடுக்கு. மீதி வெள்ளைப் பொடி. நண்பர் அதில் இரண்டு சொட்டு அமிலம் விட்டார், நுரைத்தது. சுண்ணக்கல் பொடி. ரெசினைப் பெருக்கிக் காட்டுவதற்காகக் கலந்தது.

பட்டறைக்காரரைத் திட்டுவது எளிது. அந்த மாதங்களில் நடந்ததையும் நினைக்க வேண்டும். உதவ வந்தவர்கள் பலரும் படகுகளின் எண்ணிக்கையைச் சொன்னார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். எடையைக் கேட்டவர்கள் குறைவு. கரையெங்கும் புதுப் பட்டறைகள் முளைத்தன. மீனவர் சொந்தப் பணத்தில் செய்யும்போது பட்டறையிலேயே உட்கார்ந்து அடுக்கை எண்ணுவார். பிறர் கொடுக்கும் படகில் அவருக்கு அந்த உரிமை இல்லை. ஒரே அச்சிலிருந்து, கேட்பவரைப் பொறுத்து இரண்டு தரம் வந்தது இப்படித்தான் என்பது நம் கணிப்பு. ஈகையை நாம் குறை சொல்லவில்லை. ஈகைக்கும் ஒரு தராசு வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் உல்லாச விசைப்படகு உலகில் இதே கேள்வி வேறு முகத்தோடு உலவுகிறது. பிரன்ஸ்விக் என்னும் நிறுவனம் 1986இல் பேலைனர், சீ ரே என்ற இரண்டு படகு நிறுவனங்களையும் வாங்கியது. முன்னது எஞ்சின், இழுவண்டி எல்லாம் சேர்த்து ஒரே விலையில் எளியவருக்குப் படகு விற்றுப் பெயர் பெற்றது. பின்னது வசதியுள்ளவர்களின் தேர்வு. தாய் ஒன்றான பின் சகோதரிகளுக்குள் கட்டுமானத்தில் உண்மையிலேயே வேற்றுமை உண்டா, பெயருக்குத்தான் கூடுதல் விலையா என்று அங்கே ஓயாமல் வழக்காடுகிறார்கள். எஞ்சின்களில் இதற்கு விடை எளிதாக இருந்தது. ஜான்சன், எவின்ரூட் என்று இரு பெயரில் ஒரு நிறுவனம் விற்ற எஞ்சின்களில் பெரும்பாலும் வண்ணமும் பெயருமே வேறு. படகின் உடலில் அப்படிச் சொல்லிவிட முடியாது. 1996இல் அதே பிரன்ஸ்விக் வீட்டுக்கு வந்த பாஸ்டன் வேலர், 1961இலேயே வேறு வழி கண்டது: படகை நடுவே அறுத்து, நிறுவனர் அந்தப் பாதியில் மிதக்கும் படங்களை ‘லைஃப்’ இதழில் வரச் செய்தது. விளம்பரம்தான், ஆயினும் உள்ளே இருப்பதைத் திறந்து காட்டிய விளம்பரம்.

அங்கே உல்லாசப் படகு வருடத்தின் பெரும்பகுதியைக் கொட்டகையில் கழிக்கிறது. குறை தெரிய ஆண்டுகள் ஆகும். தெரிந்தாலும் மறுவிற்பனை விலையில்தான் கைவைக்கும். நம் படகு நாள்தோறும் அலையுடைப்பில் மோதி, மணலில் இழுபட்டு, அடிப்பகுதி தேய்ந்து வாழ்கிறது. பக்கத்திலுள்ள பிச்சாவரம் உப்பங்கழியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் விசைப்படகும் இதே இழையால் ஆனதுதான். ஆனால் அமைதியான நீர் பல குறைகளை மன்னித்துவிடும். முகத்துவாரம் மன்னிப்பதில்லை.

துண்டுகள் எரிந்த மறுவாரம் முதல் அண்ணன் தம்பியின் படகில் கடலுக்குப் போனார். தம்முடையதைத் தம்பிக்கு விட்டார். எதற்கு இந்த மாற்றம் என்று தம்பி கேட்டதற்கு, பழைய படகில் இடுப்பு வலிக்கிறது என்றாராம். இதை மாணவர்தான் சொன்னார். பிறகு கடன் வாங்கிப் பின்பலகையை முழுதும் மாற்றி, உட்புறம் இரண்டு அடுக்கு கூட்டினார்கள். படகு கனத்தது, எரிபொருள் கூடுதலாகக் குடித்தது, அந்தக் கடன் அடைய மூன்று ஆண்டுகள் ஆயின.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது கரையில் ஏற்றியிருந்த இரண்டு படகுகளும் சேதமடைந்தன. தம்பி புதுப்படகு சொல்லப் போனபோது அண்ணனும் உடன் சென்றார். அடுக்கு போடும் நாட்களில் தாம் அங்கே இருப்பது, இறக்கியவுடன் எடை போடுவது, வடிகால் துளையின் துண்டைக் கையில் கொடுப்பது ஆகிய மூன்றையும் தாளில் எழுதச் சொன்னார். பட்டறைக்காரர் அதற்கென்று விலையைச் சற்று ஏற்றினார், ஒப்புக்கொண்டார்கள். எந்தப் படகிலிருந்து எடுத்த அச்சு என்று அண்ணன் கேட்கவே இல்லை.