நாற்பத்தேழு வயதில் ஒரு மாணவர்

நாற்பது தாண்டியாச்சு, இனிமேல் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது என்று நம்மில் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அந்தக் கட்சிதான். ஒரு பியானோக்காரரின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்ட பிறகு கொஞ்சம் கட்சி மாறியிருக்கிறேன்.

என் பையன்தான் செல்போனில் போட்டுக் கொடுத்தான். வாசிப்பவர் ஆர்தர் ரூபின்ஸ்டைன், போலந்து நாட்டுக்காரர். ஷோப்பான் எழுதிய மசூர்க்காக்களில் ஐம்பது சொச்சத்தை 1938, 1939-ம் வருஷங்களில் லண்டனில் ஆபே ரோடு ஸ்டூடியோவில் வாசித்துப் பதிவு செய்தார். அந்தக் காலத்துத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் நாலு நிமிஷம், மிஞ்சிப் போனால் நாலரை நிமிஷம்தான் கொள்ளும். இப்போது மாதிரி வெட்டி ஒட்டுகிற வசதி கிடையாது. ஓரிடத்தில் கை தவறினால், அந்தப் பக்கம் முழுவதையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதுதான். கேட்கும்போது எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கூடவே வருகிறது. இரண்டு நாளில் பழகிவிட்டது.

மசூர்க்கா என்பது போலந்தில் மசோவியா பக்கத்துக் கிராமத்து ஆட்டம். மூன்று எண்ணிக்கை. நம்ம 'தகிட, தகிட' மாதிரிதான். ஆனால் அழுத்தம் பெரும்பாலும் 'த'வில் விழாமல் 'கி'யிலோ 'ட'விலோ போய் விழும். யாரோ காலைத் தயங்கித் தயங்கி எடுத்து வைக்கிற மாதிரி இருக்கும். ஷோப்பான் பள்ளிக்கூட விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போனபோது கேட்ட சங்கீதம் அது. 1830-ல், இருபது வயதில் அவர் ஊரை விட்டுக் கிளம்பினார். அதே மாசம் வார்சாவில் ருஷ்ய ஆட்சியை எதிர்த்துக் கலகம் மூண்டது. அப்புறம் அவர் ஊர் திரும்பவே இல்லை. 1849-ல், 39 வயதில் பாரிஸில் கண்ணை மூடுகிற வரைக்கும் இந்த ஆட்டத்தை விதம்விதமாக எழுதிக்கொண்டே இருந்தார்.

இனி ரூபின்ஸ்டைன் கதைக்கு வருகிறேன். 1887-ல் லோட்ஸ் நகரத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே மேதை என்று பெயர். வித்தை சுலபமாக வந்துவிட்டதால் உழைப்பில் நாட்டமில்லை. விருந்து, ஊர் சுற்றல் என்று காலம் போனது. கச்சேரியில் ஸ்வரங்கள் விட்டுப் போனாலும் ஆவேசத்தில் சமாளித்துவிடுவாராம். இதைப் பின்னாளில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

1932-ல், 45 வயதில் நேலாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மறு வருஷம் பெண் குழந்தை பிறந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்ததாம். நினைத்திருந்தால் பெரிய கலைஞனாக வந்திருக்கலாம் என்று நாளைக்கு நாலு பேர் பேசும்படியாகவா மனைவிக்கும் குழந்தைக்கும் பெயரை விட்டுப் போவது? 1934 கோடையில் பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றுக்குப் போய், பியானோவின் முன்னால் மணிக்கணக்காகச் சாதகம் செய்தார், சின்னப் பையன் மாதிரி. நான்கு வருஷம் கழித்து வந்தவைதான் இந்தத் தட்டுகள்.

எனக்கு வயது 46. பிளஸ் டூ வரைக்கும் வீணை கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அது உறை போட்டு மூலையில் நின்றுவிட்டது. யாராவது கேட்டால், "குடும்பம் வந்துடுச்சே" என்பேன். இந்த மனுஷரோ, குடும்பம் வந்ததால்தான் பிடித்துக்கொண்டேன் என்கிறார்! சுருக்கென்றது.

ஆனால் சகோதரிகளே, அப்புறம் எனக்கு நேலாவின் நினைப்பு வந்தது. நாலு குழந்தைகள், ஓயாத விருந்தாளிகள். அவர் கை சமையலுக்கு அப்படி ஒரு பெயர். 1983-ல் சமையல் புத்தகமே வெளியிட்டார். அடுப்படியை ஒருத்தி பார்த்துக்கொண்டதால்தானே இவர் பியானோவில் உட்கார முடிந்தது? அப்பேர்ப்பட்டவரை 1977-ல், தொண்ணூறு வயதில் பிரிந்து போனார் ரூபின்ஸ்டைன். படித்தபோது மனசுக்குக் கசப்பாகத்தான் இருந்தது. நம் வீடுகளில் நேலா வேலையும் நாம்தான், ரூபின்ஸ்டைன் வேலையும் நாமே பார்த்தால்தான் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1939 செப்டம்பர் 1-ம் தேதி ஹிட்லரின் படை போலந்துக்குள் புகுந்தது. ஷோப்பானைப் பொது மேடையில் வாசிக்கவே தடை போட்டார்கள். ரூபின்ஸ்டைன் யூதர். லோட்ஸில் இருந்த அவருடைய குடும்பத்தார் கொல்லப்பட்டார்கள். பின்னால் 1952-53-லும், 1965-66-லும் அதே மசூர்க்காக்களை மறுபடி பதிவு செய்தார். ஆனால் சொந்தக்காரர்கள் ஊரில் உயிரோடு இருந்த நாளில் வாசித்தது இந்த முதல் தட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது. 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று அவர் தள்ளிப் போட்டிருந்தால்?

இதையெல்லாம் என் கணவரிடம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அம்மாகிட்ட உட்கார்ந்துக்கறேன், நீ வாசி" என்றார். மாமியார் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருஷமாகிறது. யாராவது பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். வீணைக்குப் புதுத் தந்தி போட்டு, மெட்டுகளையும் சரி செய்து வாங்கி வந்தோம். விரல் நுனியில் இருந்த காய்ப்பெல்லாம் எப்போதோ போய்விட்டதே, முதல் வாரம் நல்ல வலி. பத்துப் பத்து நிமிஷமாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இப்போதைக்கு சரளி வரிசைதான்.

கோலமோ, தையலோ, ஹிந்திப் பரீட்சையோ, நீங்களும் ஒன்றைப் பாதியில் விட்டிருப்பீர்கள். வீட்டில் வாய் விட்டுக் கேளுங்கள், தினம் அரை மணி. கேட்காமல் தர யாருக்கும் தோன்றாது.