கண்ணை நேராகப் பார்க்காதீங்க

செவ்வாய்க்கிழமை மைசூரு விலங்குக்காட்சிசாலைக்கு விடுமுறை. பார்வையாளர் கூட்டம் இல்லாத அந்த நாளில்தான் கொரில்லாக்களின் இரவுக் கூண்டுப் பக்கம் போக எனக்கு அனுமதி கிடைத்தது. வாசலிலேயே பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த ஊதாநிறத் தண்ணீர்த் தொட்டி. செருப்போடு அதில் கால்வைத்துத்தான் உள்ளே ஏற வேண்டும். முகக்கவசமும் கட்டாயம்.

“சளி, இருமல் எதாவது இருக்கா சார்? இருந்தா இங்கயே நின்னுக்கோங்க,” என்றார் காப்பாளர். கன்னடம் இழையோடும் தமிழ். நமக்கு நாலு நாள் மூக்கடைப்போடு போய்விடுகிற ஜலதோஷம் கொரில்லாவுக்கு நுரையீரல் வரை முற்றி உயிரையே எடுத்துவிடலாம்.

உள்ளே தாபோவும் டெம்பாவும். இருவரும் ஆண்கள். மேற்குச் சமவெளி கொரில்லா இனம். 2021 ஆகஸ்டில் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் விலங்குக்காட்சிசாலையிலிருந்து வந்தபோது தாபோவுக்கு 14 வயது, டெம்பாவுக்கு 8.

கம்பிவலையை நெருங்கும்போது காப்பாளர் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு கனத்த உறுமல், ஏப்பம் மாதிரி இழுத்து விட்டார். தாபோவும் அதே ஒலியைத் திருப்பித் தந்தான். கொரில்லாக் குடும்பத்தில், ‘இங்கேதான் இருக்கிறேன், எல்லாம் சரி’ என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் ஒலி அது. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கண்ணை நேராப் பாக்காதீங்க சார். சண்டைக்குக் கூப்பிடற மாதிரி ஆயிடும். தோளைப் பாருங்க, இல்லன்னா தரையைப் பாருங்க.”

அடுத்து நடந்ததுதான் இந்தத் தொழிலின் நுட்பத்தை எனக்குக் காட்டியது. காப்பாளர் தன் மார்பைத் தொட்டார். தாபோ எழுந்து வந்து தன் அகன்ற மார்பை வலையோடு ஒட்டி நின்றான். ஒரு கேரட் துண்டு. கையைக் காட்டினார், அவனும் உள்ளங்கையை வலையில் பதித்தான். இன்னொரு துண்டு. வாயைத் திறக்கச் சொன்னார், திறந்தான். அதட்டல் இல்லை, குச்சி இல்லை. அவனுக்கு விருப்பமில்லாவிட்டால் எழுந்து போகலாம். அன்று பாடம் இல்லை, அவ்வளவுதான்.

இது வேடிக்கை காட்டுவதற்கான பழக்கம் இல்லை. கூண்டில் வாழும் ஆண் கொரில்லாக்களை அதிகம் பலிகொள்வது இதயநோய். இதயத்தை ஸ்கேன் பார்க்க மயக்கமருந்து கொடுத்தால் அந்த மருந்தே ஆபத்தாக முடியலாம். விலங்கு தானாக வந்து மார்பைக் காட்டினால், விழித்திருக்கும்போதே வலை வழியாகப் பார்த்துவிடலாம். ஒரு விலங்கு அப்படி வந்து நிற்பதற்குப் பின்னால் மாதக்கணக்கான பொறுமை இருக்கிறது.

சாப்பாட்டிலும் இதே கவலைதான். பழங்களைக் குவித்துப் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நாம் பயிரிடும் பழங்கள் காட்டுப் பழங்களைவிட இனிப்பு கூடியவை, நார் குறைந்தவை. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் விலங்குக்காட்சிசாலை மாவுச்சத்து நிறைந்த பிஸ்கட்டுகளை நிறுத்திவிட்டு இலைதழைக்கு மாறியது. கொரில்லாக்களின் எடை குறைந்தது. காட்டுக் கொரில்லாக்களுக்கு விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி தின்பதிலேயே போகிறது. அதனால் இங்கே கீரையும் கிளைகளும்தான் கட்டுக்கட்டாக இறங்குகின்றன. அவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. மரப்பொந்தில் செருகி, புல்லில் தூவி, தேடித் தின்ன வைக்கிறார்கள்.

இந்த வளாகத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1995-இல் டப்ளினிலிருந்து வந்த போலோ என்ற ஆண் கொரில்லா இங்கேதான் வாழ்ந்தான். இந்தியாவின் ஒரே கொரில்லா என்று கூட்டம் கூட்டமாகப் பார்த்தோம். துணை கடைசிவரை கிடைக்கவில்லை, 2014-இல் இறந்தான். குடும்பமாக வாழும் விலங்கு அத்தனை ஆண்டுகள் தனியாக இருந்தது கொடுமை. எத்தனை அன்பான காப்பாளராலும் அதை ஈடுகட்டியிருக்க முடியாது. தாபோவும் டெம்பாவும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கிளையைப் பறித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்தது.

பெண் கொரில்லா ஏன் இல்லை என்று கேட்டேன். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிசமமாகத்தான் பிறக்கின்றன. ஆனால் ஒரு குடும்பத்துக்கு முதுகு வெளுத்த, முதிர்ந்த ஆண் ஒன்று, பெண்கள் பல. மிஞ்சும் ஆண்கள் எங்கே போவார்கள்? ஐரோப்பிய விலங்குக்காட்சிசாலைகள் ஆண்களை மட்டும் சேர்த்துக் குழுவாக வளர்க்கின்றன. மைசூரு அப்படிப்பட்ட ஒரு குழுவுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

இந்த இரண்டு பேரும் காட்டுக்குத் திரும்பப் போவதில்லை. இதைக் காப்பாளரும் மறைக்கவில்லை. காட்டின் நிலைமையோ பயங்கரம். காங்கோ குடியரசின் லோசி பகுதியில் மட்டும் 2002, 2003-இல் எபோலாவுக்கு ஏறத்தாழ 5,000 கொரில்லாக்கள் பலியானதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கிழக்குக் காங்கோவில் நம் கைப்பேசிகளுக்குள் போகும் கோல்டான் தாதுவைத் தோண்ட வந்தவர்கள், அங்கே வாழும் கிராவர் கொரில்லாக்களை இறைச்சிக்காக வேட்டையாடினார்கள். மெல்போர்ன் விலங்குக்காட்சிசாலை பழைய கைப்பேசிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பியது இதற்காகத்தான். நம் ஊர்க் கூண்டுகளின் முன்னாலும் அப்படி ஒரு பெட்டி வைக்க வேண்டும். தாபோவைப் பார்த்து வியக்கிற குழந்தைக்கு, வீட்டு அலமாரியில் கிடக்கும் செத்த கைப்பேசிக்கும் அவன் இனத்துக்கும் உள்ள தொடர்பை அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

காப்பாளரின் கவலை இப்போது டெம்பாவின் முதுகைப் பற்றியது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதை ஒட்டி ஆண்களின் முதுகு வெளுக்கும். அதன்பின் இருவருக்கும் ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். யார் முதலில் சாப்பிட்டது, கதவருகே யார் வழிவிட்டது, யார் உடம்பில் புதுக் கீறல் என்று தினமும் குறிப்பேட்டில் எழுதுகிறார். எழுதி முடித்ததும் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு, இரு அறைகளையும் பிரிக்கும் இழுவைக் கதவின் தடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“சண்டைன்னு வந்தா இதை இழுக்க ஒரு நொடிதான் சார் கிடைக்கும். அப்போ சிக்கிக்கக் கூடாது.”